1,130 மணித்தியாலத்தில் நின்ற லொக்புக்: உவர்மலை விமானி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கறுப்பு மட்டை போட்ட லொக்புக் அது, விமானி தான் பறந்த மணித்தியாலங்களை வரிவரியாகப் பதியும் கொப்பி. 2020 மார்ச் இரண்டாம் கிழமையில் எழுதிய வரியில் ஏ320 விமானம், துணை விமானி, 3 மணித்தியாலம் 40 நிமிடம் என்று இருக்கிறது. பக்கத்தின் அடியில் மொத்தம் 1,130 மணித்தியாலம். அடுத்த வரி 2023 ஒக்டோபரில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை. ஏதோ அடுத்த நாளே வேலைக்குப் போனவன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறான்.

அவன் என் அக்காவின் மகன். பெயர் வேண்டாம், வேலை செய்த கொம்பனிகளின் பெயரும் வேண்டாம். நான் திருகோணமலை நகரில் இருபது வருடத்துக்கு மேலாக விமான டிக்கெட் விற்கிறவன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு யாருடைய விமானம் போகும், யாருடையது போகாது என்பது எனக்குச் சோறு போடும் விசயம். அவனுடைய வேலை போனதற்கு ஊரில் சொன்ன காரணம் கொரோனா. அவனும் அப்படித்தான் சொன்னான். போன லீவில் வந்தபோது லொக்புக்கை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். 2019 மே வரை மாதத்துக்கு 70, 75 மணித்தியாலம் பறந்திருக்கிறான். ஜூனில் 52. ஜூலையில் 41. ஓகஸ்டில் 38. கொரோனா என்ற சொல்லை உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே அவனுடைய வேலை தேயத் தொடங்கியிருக்கிறது. அது ஏன் என்று தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ்

திருகோணமலை உவர்மலையிலிருந்து பார்த்தால் உள்துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடா. விமானப்படையின் பயிற்சி விமானங்கள் அங்கே இறங்குவதை மொட்டைமாடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, உயர்தரம் முடித்து 2013இல் இரத்மலானைக்குப் பறக்கப் பழகப் போனான். 2015இல் வணிக விமானி லைசென்ஸ் கிடைத்தது. 200 மணித்தியாலம் பறந்தால் அது கிடைக்கும். வேலை கிடைக்காது. பெரிய விமானம் ஓட்ட அந்தந்த வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்கு டைப் ரேட்டிங் என்று பெயர். 2017இல் நிலாவெளிக் காணியை விற்று அத்தான் அதற்குக் காசு கட்டினார்.

தமிழ் மொழிமூலம் படித்தவனுக்கு ஆங்கிலப் பரீட்சை தனிக் கதை. 1996 நவம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் சார்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ரேடியோவில் பேசிய ஆங்கிலம் விளங்காததும் ஒன்று. பிறகு ஐ.சி.ஏ.ஓ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மொழித் தகுதியைக் கட்டாயமாக்கியது. 2008 மார்ச் 5 முதல் நடைமுறை. ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படி வேண்டும். நான்கில் நின்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும், ஆறாம் படி எடுத்தவருக்குப் பிறகு பரீட்சை இல்லை. அக்காவின் குசினியில் நின்று அவன் இலக்கங்களைச் சொல்லிப் பழகுவான். ரேடியோவில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வேண்டுமென்று விதியே இருக்கிறது. எங்கள் நாக்குக்கு ‘ட்ரீ’ நல்ல வசதி. ஆனால் பரீட்சையில் இலக்கம் கேட்கமாட்டார்கள். படமொன்றைக் காட்டி, இங்கே என்ன நடந்திருக்கும் என்று கேட்பார்கள். முதல் தடவை நான்காம் படி. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இவ்வளவும் முடித்தவன் உலகத்தில் எங்கேயும் பறக்கலாம் என்றுதான் அத்தான் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான். இந்தக் கதையில் எங்கள் குடும்பம் முதலில் ஏமாந்த இடம் இது. ஏமாற்றியவர் யாருமில்லை, நாங்கள்தான் வாசிக்கவில்லை.

1944 டிசெம்பர் 7இல் சிக்காகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கைதான் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு இன்றைக்கும் அடி. அதன் 32ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: சர்வதேச வானில் பறக்கும் விமானத்தின் விமானிக்கு, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு லைசென்ஸ் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேறு நாட்டு லைசென்ஸைச் செல்லும் என்று ஏற்றிருக்க வேண்டும். வாலில் 4ஆர் என்று எழுதியிருந்தால் இலங்கை விமானம். எங்கள் பிள்ளை அதை லண்டனுக்கும் கொண்டுபோகலாம், டோக்கியோவுக்கும் கொண்டுபோகலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஏ6 எழுத்துப் போட்ட ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டு விமானம் அச்சுக்கு அச்சு அதே ஏ320 ஆக இருந்தாலும் அவனால் தொட முடியாது, அந்த நாடு ஒரு கடுதாசி தந்தால் ஒழிய.

“லைசென்ஸ் என்ட பேர்லதான் இருக்கு மாமா. ஆனா செல்லுமா செல்லாதா எண்டு சொல்றது நான் இல்ல” என்றான் ஒருநாள்.

அந்தக் கடுதாசிக்கு வலிடேஷன் என்று பெயர். 2018இல் தென்கிழக்காசிய நாடொன்றின் கொம்பனி ஒரு ஏஜென்சி மூலம் அவனைத் துணை விமானியாக எடுத்தபோது அந்த நாடு அதைக் கொடுத்தது. ஒரு வருடத்துக்கு, அந்த ஒரு கொம்பனிக்கு மட்டும். சம்பளத்தில் அடிப்படை கொஞ்சம், மீதி பறந்த மணித்தியாலக் கணக்கு.

2019 ஜூனில் என்ன நடந்தது

அவனுடைய பழைய மின்னஞ்சல்களில் ஒன்று அகப்பட்டது. கொம்பனி எல்லா விமானிகளுக்கும் அனுப்பியது. இந்திய நகரங்களுக்கான புதிய சேவைகள் தள்ளிப்போகின்றன, டிராபிக் ரைட்ஸ் கிடைக்கத் தாமதமாகிறது என்று அதில் இரண்டு வரி. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “வானத்திலயும் டிராபிக்கா தம்பி?” என்று கேட்டாள்.

அக்கா கேட்டது பிழையில்லை, சொல்தான் அப்படி. இது நெரிசல் இல்லை, போக்குவரத்து உரிமை. சிக்காகோவில் எல்லோரும் ஒன்றாக இருந்து பாதைகளைப் பங்கிடப் பார்த்தார்கள், முடியவில்லை. அதனால் இரண்டு இரண்டு நாடாகப் பேசி முடிக்கும் வழக்கம் வந்தது. 1946இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் பெர்முடாவில் போட்டுக்கொண்டது அதற்கு முன்மாதிரி. எந்தக் கொம்பனி பறக்கலாம், எந்த ஊர்களுக்கு, கிழமைக்கு எத்தனை ஆசனம் என்றெல்லாம் அதில் இருக்கும். 1992இல் அமெரிக்காவும் நெதர்லாந்தும் தொடங்கிய ‘திறந்த வானம்’ வகை ஒப்பந்தங்களில் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. நம்மைச் சுற்றியுள்ள பல வழித்தடங்களில் இன்னும் இருக்கிறது.

மதுரையை எடுங்கள். கொழும்பிலிருந்து மதுரைக்கு நமது தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கன் பறக்கிறது. நான் டிக்கெட் வெட்டியிருக்கிறேன். டுபாய், சிங்கப்பூர், மலேசியக் கொம்பனிகளால் அங்கே இறங்க முடியாது, ஏனென்றால் அந்த நாடுகளுடன் இந்தியா செய்த ஒப்பந்தத்தில் மதுரை என்ற பெயர் இல்லை. மதுரைக்காரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டுபாய்க்கும் இந்தியாவுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கத்துக்கும் கிழமைக்கு ஏறத்தாழ 66,000 ஆசனம் என்று எல்லை. டுபாயின் எமிரேட்ஸ் விமானக் கொம்பனி கூட்டிக் கேட்கிறது, இந்தியா தன் கொம்பனிகளை யோசித்துக் கையை இறுக்கிக்கொள்கிறது.

இந்த ஆசனக் கணக்கை விமானியின் வேலையாக மாற்றிப் பார்த்தேன். 180 ஆசனமுள்ள ஏ320 ஒன்று தினமும் ஒருதடவை ஒரு ஊருக்குப் போய்வந்தால் கிழமைக்கு 1,260 ஆசனம். அப்படி இரண்டு ஊர் போய்வந்தால் ஒரு விமானத்தின் நாள் நிரம்பிவிடும். அந்த ஒரு விமானத்தை ஓய்வு விதிகளோடு ஓட்டப் பத்துப் பன்னிரண்டு விமானிகள் தேவை. அதாவது பேச்சுவார்த்தை மேசையில் 2,520 ஆசனம் இல்லை என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேருடைய வேலை இல்லை. மருமகனின் கொம்பனி, ஆசனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விமானத்துக்கும் ஓடர் கொடுத்து ஆட்களையும் எடுத்துவிட்டது. ஆசனம் வரவில்லை. இருந்த பறப்பை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பிரிக்கும்போது சொந்த நாட்டு விமானிகளுக்கு முதல் பங்கு. அது அந்த நாட்டின் நியாயம், நான் குறை சொல்லமாட்டேன். லொக்புக்கில் 75 என்பது 38 ஆனது இப்படித்தான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அந்தக் கொம்பனிக்கு யாரை முதலில் அனுப்புவது என்ற யோசனையே தேவைப்படவில்லை. வெளிநாட்டுக்காரரின் வலிடேஷன் எப்படியும் முடியப்போகிறது, அதைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். வேலைநீக்கக் கடிதம்கூட அரைப் பக்கம். கட்டுநாயக்கா மூடுவதற்கு மூன்று நாள் முன்பு வந்து சேர்ந்தான்.

துறைமுகத்தில் தெரியும் பாடம்

அந்த நாட்களில் பின்னேரத்தில் நானும் அவனும் மாடியில் இருப்போம். சீனக்குடாப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமை இறக்க வந்த கப்பல் நிற்கும். கப்பலுக்குப் பனாமாக் கொடி, சொந்தக்காரர் கிரேக்கர், மாலுமிகள் பிலிப்பினோ என்று இருப்பது கடல் உலகத்தில் புதினமில்லை. சம்பளம் எங்கே மலிவோ அங்கே ஆள் எடுக்கலாம். விமானத்துறை இன்னும் முழுக்க அப்படி ஆகாமல் இருப்பதற்கு இருதரப்பு ஒப்பந்தங்களில் உள்ள ஒரு வசனம் காரணம்: பறக்க வரும் கொம்பனியின் கணிசமான உரிமையும் உண்மையான கட்டுப்பாடும் அதை நியமித்த நாட்டவரின் கையில் இருக்க வேண்டும். 1998இல் எமிரேட்ஸ் நமது தேசிய விமான சேவையில் 40 வீதப் பங்கையும் நிர்வாகத்தையும் எடுத்தபோதும் பெரும்பங்கு அரசிடமே இருந்தது. பங்கு கைமாறிக் கொம்பனி வேறு நாட்டுடையதாகிவிட்டால் அது வைத்திருக்கும் பறக்கும் உரிமைகளைப் பற்றி எதிர்த்தரப்பு நாடு கேள்வி கேட்கலாம். விமானிகளின் வேலைக்கு இது ஒரு வேலி. அதே வேலிதான் என் மருமகன் போன்றவர்களை வெளியிலும் நிறுத்துகிறது என்பதை மறைக்கக்கூடாது.

அந்த வேலியைத் தாண்டப் பார்த்தது நோர்வேஜியன் என்ற நோர்வே விமானக் கொம்பனி. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அந்தக் கொம்பனி அயர்லாந்தில் ஒரு கிளைக் கொம்பனி தொடங்கி, ஐரிஷ் கொடியில் அமெரிக்காவுக்குப் பறக்க அனுமதி கேட்டது. அதன் நீண்டதூர விமானங்களில் பாங்கொக்கைத் தளமாகக் கொண்டு, சிங்கப்பூர் ஏஜென்சி மூலம் எடுத்த பணியாளர்கள் இருந்தார்கள். அமெரிக்க விமானிகள் சங்கம் கொதித்தெழுந்தது. கப்பல்காரர் செய்த வேலையை வானத்திலும் செய்யப்போகிறார்கள் என்பதே அவர்களுடைய வாதம். அமெரிக்க–ஐரோப்பிய ஒப்பந்தத்தில் 17 பிஸ் என்றொரு பிரிவு இருக்கிறது. இந்த ஒப்பந்தம் தரும் வாய்ப்புகள் தொழிலாளர் தரத்தைக் குறைப்பதற்காக அல்ல என்று அது சொல்கிறது. சங்கம் அதைத்தான் கையில் எடுத்தது. மூன்று வருடம் இழுபட்டு 2016 டிசெம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் அனுமதி கொடுத்தது. விண்ணப்பத்தை மறுக்க அந்தப் பிரிவு தனியே போதாது என்றது. சங்கம் நீதிமன்றம் போயும் பலனில்லை. நல்ல வசனம் எழுதியிருந்தார்கள், அதை மீறினால் என்ன ஆகும் என்று மட்டும் எழுதவில்லை. நோர்வேஜியனின் நீண்டதூரச் சேவை கடைசியில் 2021 ஜனவரியில் நின்றது, அது சட்டத்தால் இல்லை, காசால்.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். “சங்கம் வெண்டிருந்தா என்னைப்போல ஆக்களுக்குத்தான் நட்டம் மாமா” என்றான். உண்மைதான். ஏஜென்சி மூலம் போகும் மலிவான வெளிநாட்டு விமானி என்று அவர்கள் பயந்தது இவனைத்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் முடிவில்லை.

விமானத்தை விமானியோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும் வெட் லீஸ் இன்னொரு பின்வாசல். 2016இல் பாகிஸ்தானின் தேசிய விமான சேவை நம்முடைய ஏ330 விமானத்தை அப்படி எடுத்தது. அப்போது வேலை இலங்கை விமானிக்கு. 2023 முதல் இந்தியாவின் இண்டிகோ கொம்பனி துருக்கிய விமானங்களை துருக்கிய விமானிகளோடு எடுத்து டெல்லி–இஸ்தான்புல் ஓட்டியது. அங்கே இந்திய விமானி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை வருடம்

உப்புவெளியில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தான். வெள்ளைக்காரரோடு பேசிப் பேசி அவனுடைய ஆங்கிலம் அங்கே நன்றாகத் திருந்தியது, அடுத்த பரீட்சையில் ஐந்தாம் படி. ஆனால் 90 நாளுக்குள் மூன்று தடவை ஏற்றி இறக்காத விமானி பயணிகளைக் கொண்டுபோக முடியாது. திரும்பத் தகுதி பெற சிமுலேட்டர் என்ற, விமானி அறை மாதிரிப் பயிற்சி இயந்திரத்தில் பறக்க வேண்டும், அதற்கு டொலரில் காசு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஆனது. அத்தானுக்கு விற்க இன்னொரு காணி இல்லை.

அக்காவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இஞ்சயே ஒரு வேலை இல்லையா?” யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்கு நான் கிழமைக்கு நாலைந்து டிக்கெட் வெட்டுகிறேன். திருகோணமலைச் சனம் கட்டுநாயக்கா போகாமல் வவுனியா வழியாக அங்கே போய் ஏறுகிறது. 2019இல் அலையன்ஸ் எயார் தொடங்கியது, 2024இல் இண்டிகோ வந்தது, பிறகு திருச்சிக்கும் விட்டது. எல்லாம் வாலில் விடி எழுத்துப் போட்ட இந்திய விமானம், இந்திய லைசென்ஸ். ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே உரிமைதான் கொடுக்கிறது. பலாலிக்கு ஏற்ற சின்ன விமானமும் அதை ஓட்டும் துணிவும் அந்தப் பக்கம் இருந்தது, அதனால் வேலையும் அந்தப் பக்கம். தமிழ் அறிவிப்பு மட்டும் நம்முடையது மாதிரிக் கேட்கும்.

தேசிய விமான சேவையைப் பற்றியும் கேட்டாள். 2022இல் எரிபொருள் இல்லாமல் அதன் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. நான் இதை எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரன் கட்டியதில் மிஞ்சிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை காட்டுக்குள் நிற்கின்றன! அந்த வருடங்களில் அங்கே இருந்த விமானிகளே வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் போனால் இடம் காலி என்று அக்கா கணக்குப் போட்டாள். எஞ்சின் இல்லாமல் விமானமும் தரையில் நின்றது, நிற்கிற விமானத்துக்கு ஆள் வேண்டியதில்லை.

வெளியே முயன்றபோது வேறொரு நாட்டின் சங்கடம் வந்து குறுக்கே நின்றது. 2020 ஜூனில் பாகிஸ்தான் விமானப் போக்குவரத்து அமைச்சர், நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று பாராளுமன்றத்தில் சொன்னார். ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டுத் தேசிய விமான சேவையைத் தடுத்தது, தடை நீங்க 2024 நவம்பர் ஆனது. வேறு நாடுகளில் வேலை செய்துகொண்டிருந்த பாகிஸ்தான் லைசென்ஸ்காரரைத் தரையில் இருத்தினார்கள். அவர்களில் ஒழுங்காகப் பரீட்சை எழுதியவர்களும் இருந்தார்கள். சிக்காகோ உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு ஒரு நாட்டு லைசென்ஸை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் கொடுத்த நாடு குறைந்தபட்சத் தரத்தைக் காத்திருக்க வேண்டும் என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. நம்பிக்கை போனால் தனிமனிதன் கெட்டிக்காரன் என்பது எடுபடாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட் இதையே ஊழலின்றிச் செய்து காட்டியது. 2020 டிசெம்பர் 31க்குப் பிறகு பிரித்தானிய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பியப் பதிவு விமானத்தை ஓட்ட முடியாது. முதல்நாள் ஓட்டியவர்தான்.

எங்கள் பிள்ளை விண்ணப்பித்த இடங்களெல்லாம் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சரிபார்ப்புக் கடிதம் கேட்டன. பழைய கொம்பனி பறந்த மணித்தியாலத்தை உறுதிப்படுத்தி அனுப்ப ஏழு மாதம் எடுத்தது. 1,500 மணித்தியாலம் இருந்தால் கப்டனாவதற்கு வேண்டிய உயர் லைசென்ஸுக்குத் தகுதி, எத்தனையோ கதவு திறக்கும். அவனுக்கு 370 குறை. 2019இல் ஆசனம் கிடைத்து மாதம் 75 மணித்தியாலம் தொடர்ந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பெருக்கிப் பார்த்தேன். கொரோனாவுக்கு முன் 1,400 அளவில் நின்றிருப்பான். அவனிடம் இதைச் சொல்லவில்லை.

2023 ஓகஸ்டில் வளைகுடாக் கொம்பனி ஒன்று எடுத்தது. இந்தத் தடவை வலிடேஷன் இல்லை, அந்த நாட்டுப் பரீட்சைகளை எழுதி அந்த நாட்டு லைசென்ஸையே எடுக்க வேண்டும். எனக்கு அது நல்லதாகப் பட்டது. ஒப்பந்தம் 27 பக்கம். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, “மாமா, 19ஆம் பந்திய வாசிங்க” என்று கேட்டான். போக்குவரத்து உரிமைகளிலோ அந்த நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியிலோ மாற்றம் வந்தால் கொம்பனி 30 நாள் அறிவித்தலில் வேலையை முடிக்கலாம் என்று இருந்தது. 2018 ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட அதே வசனம் 11ஆம் பந்தியில் இருந்திருக்கிறது. அப்போது யாரும் வாசிக்கவில்லை.

30ஐ 90 ஆக்கித் தரக் கேட்டு எழுதச் சொன்னேன். எழுதினான். இது எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. கையெழுத்து வைத்தான்.

லீவு முடிந்து போகும்போது லொக்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். 2024 ஏப்ரலில் மொத்தம் 1,500ஐத் தாண்டிய வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறான். அதற்கு முன்னோ பின்னோ வேறெங்கும் அப்படி ஒரு குறி இல்லை.